மாமி போட்ட கறுப்புக் கோடு

எங்கள் வீட்டு உள் அறையின் கிழக்குச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. அதற்கு முன்னால் பச்சைத் துணியில் ஒரு திரை போட்டிருக்கிறோம். பாங்கு சத்தம் கேட்டதும் திரையை மூடுவது, தொழுது முடித்துப் பாயைச் சுருட்டியதும் திறப்பது, இது இந்த வீட்டில் என் வேலை. நான் பள்ளிவாசலுக்குப் போயிருந்தால் என் வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். நாங்கள் தொழுவது மேற்கே பார்த்து. படம் எங்கள் முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் மூடிவிடுவோம். பழகிவிட்டது.

படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. கடல் உள்வாங்கிய பிறகு ஈரமாகக் கிடக்கிற மணல் மாதிரி ஒரு நிறம். கீழேயிருந்து மேலே போகப் போக வெளுத்து, எந்த இடத்தில் தரை முடிந்து வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். அந்த வெளியில் சில உருப்படிகள் நிற்கின்றன. ஒன்று உயரமாக, கீழே அகன்று, நடுவில் ஒடுங்கி, மேலே மறுபடி உப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதன் பக்கத்தில், சங்கு என்று நினைத்தால் சங்கு இல்லாத ஒன்று. கடல் அட்டையைக் காயப் போட்டது போல ஒன்று, நூலே இல்லாமல் தொங்கும். தூரத்தில் சின்னச் சின்னதாகச் சில, எங்கேயோ கிளம்பியது மாதிரியும் இருக்கும், வந்து சேர்ந்தது மாதிரியும் இருக்கும். எல்லாவற்றுக்கும் நிழல் உண்டு. ஆனால் நிழல்கள் ஆளுக்கொரு பக்கம் விழுந்திருக்கும்.

உயரமாக நிற்கிறதே, அதன் ஒடுங்கிய இடத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அது மட்டும் படம் வரைந்தவர் போட்டதில்லை. என் மாமியார் போட்டது.

வரைந்தவர் அவருடைய மகன். என் வீட்டுக்காரியின் அண்ணன். அவள் காக்கா என்பாள். எனக்கு மச்சான்.

நான் பெரியபட்டினத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கயிறு, நைலான் நூல், தூண்டில் முள் விற்கிற கடையில் உட்கார்ந்தவன். எழுபத்தைந்து வாக்கில் கீழக்கரையில் பெண் எடுத்தேன். இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அப்படித்தான் நான் கடையையும் இங்கே மாற்றிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். மாமா சங்கு வியாபாரம். முற்றத்தில் எப்போதும் சங்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும். மழைக்காலத்தில் அந்த வாடை சோற்றில்கூட அடிக்கும். மாமி என்னோடு நேருக்கு நேராகப் பேசமாட்டார். தட்டில் குழம்பு குறைந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்புளைக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். மகள் என் பக்கத்திலேயே நிற்பாள்.

மச்சான் அப்போது மெட்ராஸில் ஓவியம் படித்து முடித்துவிட்டு, கைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் வரைகிற வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தார், போர்வையில் சுற்றிய பெரிய சட்டத்தோடு. பஸ் மேலே போட்டு, மேலேயே ஏறி உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தாராம். முகமெல்லாம் புழுதி. கூடத்தில் வைத்துப் போர்வையை அவிழ்த்தார். தங்கச்சி கல்யாணப் பரிசு.

வீட்டில் எல்லாரும் பார்த்தோம். மாமா மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னலே இது?"

"படம் வாப்பா."

"படம்னு தெரியுது. என்ன படம்?"

"நீங்க பாக்குறதுதான் வாப்பா."

"நான் பாக்குறது வெளங்காமத்தான் ஒன்கிட்ட கேக்குறேன். இதுல உயிர் உள்ளது எதுவும் இருக்கா, இல்லையா?"

எங்கள் வீடுகளில் சுவரில் என்ன மாட்டுவோம்? கலிமா எழுதிய சட்டம், கஃபாவின் படம், கடைக்காரர் கொடுத்த காலண்டர். உயிர் உள்ளவற்றின் உருவத்தை மாட்டமாட்டோம். உருவம் உள்ள வீட்டுக்குள் மலக்குகள், அதாவது இறைவனின் தூதர்கள், வரமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. பாஸ்போர்ட் போட்டோகூடப் பெட்டிக்குள்தான் இருக்கும். மச்சானுக்கு இது தெரியாததில்லை. ஒரு வார்த்தை, இல்லை வாப்பா என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே படம் கூடத்தில் ஏறியிருக்கும். மாமாவே ஆணி அடித்திருப்பார். அவர் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மச்சான் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியலை வாப்பா" என்றார்.

"வரைஞ்சது நீதானே?"

"நாந்தான்."

"செஞ்சவனுக்கே தெரியாம ஒரு சாமான் இருக்குமா?"

என் வீட்டுக்காரி மெதுவாக, "இல்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன் காக்கா" என்றாள்.

"பொய் சொல்றதும் ஹராம்தானே, புள்ள" என்றார் மச்சான்.

கதவுக்குப் பின்னாலிருந்து மாமி, "இவனுக்கு எதுக்கு இந்த நியாயமெல்லாம்? வந்த புள்ள மொதல்ல மூஞ்சியக் கழுவட்டும்" என்றார்.

மறுநாள் பள்ளிவாசல் ஆலிம்சாவை மாமா அழைத்து வந்தார். மார்க்கம் படித்த நல்ல மனிதர், அவசரப்படாதவர். படத்துக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தார். பிறகு சொன்னார், "தலை இல்லாத உருவத்துக்குத் தடை கிடையாது. அதனால இதுல தலை எதுன்னு பார்ப்போம்."

அன்று முழுக்க நாங்கள் தலையைத் தேடினோம். மாமா ஒன்றைக் காட்டினார், அது தலை இல்லை, முழங்கால் என்றேன் நான். முழங்கால் இருந்தால் தலையும் எங்காவது இருக்கத்தானே வேண்டும் என்றார் மாமா. என் வீட்டுக்காரி தூரத்தில் நிற்கும் சின்னதுகளைக் கோழிக்குஞ்சு என்றாள். ஆலிம்சா நிழல்களைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நிழல் இப்படி நாலா பக்கமும் விழுதே, ஒங்க மெட்ராஸ்ல எத்தனை சூரியன்?" என்று கேட்டார். மச்சான் சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். அதிலே மாமா மட்டும் சேரவில்லை.

"தரையில மிதிபடுற பொருள்ல உருவம் இருந்தாலும் பரவாயில்லைன்னு ஒரு சொல் உண்டு" என்றார் ஆலிம்சா.

கதவுக்குப் பின்னாலிருந்து உடனே, "அப்ப பாய் மாதிரி கீழ விரிச்சுக்கலாமா?" என்றார் மாமி.

"உம்மா, அது ஆயில் பெயிண்டு. காலெல்லாம் ஒட்டும்."

"கால்ல ஒட்டுனா கழுவிக்கிர்றோம். நீ சங்கடப்படாம இருந்தாச் சரி."

கடைசியில் ஆலிம்சா எழுந்து, தலை என்று உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, சந்தேகமாக இருப்பதால் தொழுகிற இடத்தில் வேண்டாம், உள்ளே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். படம் உள் அறைக்குப் போயிற்று. அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் கிடக்கிற அறை. திரையும் அப்போது போட்டதுதான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "செவத்துக்காக நான் கேக்கலை மாப்ள. மறுமையில படம் செஞ்சவனைக் கூப்பிட்டு, செஞ்சேல்ல, இதுக்கு உயிர் கொடுன்னு கேப்பாங்க. இவன் அங்கன போயி என்ன சொல்லுவான்? தெரியலைன்னா சொல்லுவான்?" சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதுவரை அவரைக் கோபக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

மச்சான் அந்த முறை பத்து நாளுக்கு மேல் இருந்தார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தால் கடற்கரைக்குக் கூப்பிடுவார். தண்ணீர் உள்வாங்கிய நேரமாகப் பார்த்துத்தான் போவார். செத்த பவளம், கணவாய் ஓடு, வலையில் கழித்துப் போட்ட கடல் பஞ்சு எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்ப்பார், ஆனால் எடுக்கமாட்டார். வரைவதற்கு ஒன்றுகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இதெல்லாம்தானே படத்தில் இருக்கிறது என்று கேட்டேன். இல்லை என்றார். தான் வரைவது விழித்திருக்கும்போது பார்த்ததை இல்லை, கனவில் ஒன்று இன்னொன்றாக மாறுமே, அந்த மாறுகிற நேரத்தில் அது இரண்டுமாக இருக்குமே, அதைத்தான் பிடிக்கப் பார்க்கிறேன் என்றார். அதற்கு சர்ரியலிசம் என்று பேர் சொன்னார். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் அப்படி வரைந்திருக்கிறார்களாம்.

"அப்ப மாமாகிட்ட இல்லைன்னு சொன்னா என்ன கொறைஞ்சு போகுது மச்சான்?"

"இல்லைன்னு சொன்னா அதுங்க போயிரும் மாப்ளே" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள்தான் ஒரு பழைய கதை சொன்னாள். சின்ன வயதில் மச்சானுக்கு அடிக்கடி காய்ச்சல் வருமாம். அந்த உள் அறையில்தான் படுக்க வைப்பார்கள். அதன் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றடி. ஈரம் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்து கிடக்கும். பையன் அதைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு, அதிலே இருக்கிறவர்களோடு பேசுவானாம். ஒரு வருஷம் ரமலானுக்கு முந்தி, வழக்கம் போல மாமா வீடு முழுக்க வெள்ளையடித்தார். காய்ச்சலோடு எழுந்து பார்த்த பையன் சுவர் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதானாம். யாருக்கும் காரணம் தெரியவில்லை. வயிற்றுவலி என்று ஓதித் தண்ணீர் கொடுத்தார்களாம்.

இனி கோட்டுக்கு வருகிறேன்.

மறு வருஷம் பெருநாளைக்கு மச்சான் வருவதாக இருந்தது. தன் மகன் கொண்டுவந்த பரிசு அரிசி மூட்டைக்கு நடுவே கிடப்பது மாமிக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகத்தில் மனிதர் படம் வந்தால் எங்கள் பக்கம் கழுத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். தலை வேறு உடல் வேறு ஆனதாகக் கணக்கு. பிறகு அது உருவம் இல்லை, வைத்துக்கொள்ளலாம். மாமிக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. சங்கு மூட்டையில் அடையாளம் போடுகிற கறுப்பு மையும் குச்சிப் பிரஷும் முற்றத்தில் இருந்தன. எடுத்துப் போய், எது கழுத்து என்று நின்று பார்த்து, அந்த உயரமானதன் ஒடுங்கிய இடத்தில் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டார். கை நடுங்காத கோடு.

அன்றைக்குத்தான் மாமி முதல்முறையாகக் கதவைத் தாண்டி என் எதிரில் வந்து பேசினார். "மாப்புள, கூடத்துல ஒரு ஆணி அடிங்க. இப்ப மாட்டலாம்."

மாமா பார்த்தார். கோட்டைத் தொடாமல் விரலைக் கிட்டே கொண்டுபோய் அளந்தார். "நல்ல காரியம் பண்ண" என்று மாமியிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் ஆணி அடித்தேன். படத்தைக் கூடத்தில் மாட்டினோம், வாசலில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில். மாமி அதைச் சுற்றி ஒட்டடைகூட அடித்து வைத்தார்.

பெருநாள் காலையில் மச்சான் வந்து இறங்கினார். உள்ளே கால் வைத்தவர் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கிட்டே போனார்.

"இது யாரு?"

"நாந்தான் வாப்பா" என்றார் மாமி. மகனை வாப்பா என்றுதான் கொஞ்சுவார். "இப்ப ஒண்ணும் தடங்கல் இல்லை. ஒங்க வாப்பாவே சரின்னுட்டாங்க. வெளிய தெருவுல போறவங்களுக்கும் தெரியுது பாரு."

மச்சான் உம்மாவின் கையைப் பார்த்தார். விரல் நகத்தில் இன்னும் மை இருந்தது. "நல்லாருக்கும்மா" என்றார். எல்லாரோடும் தொழுகைக்கு வந்தார், கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி பிரியாணித் தட்டை முன்னால் வைத்தபோது, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினார். நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

"மச்சான், உம்மா பிரியத்துல செஞ்சது."

"எனக்குத் தெரியாதா மாப்ளே? கோபம்னாச் சண்டை போட்டுட்டு ஒக்காந்து சாப்பிட்டிருப்பேனே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷத்துக்கு மேல். பெருநாளைக்குத் துணி அனுப்புவார், எங்கள் பிள்ளைகள் பிறந்தபோது விளையாட்டுச் சாமான் அனுப்பினார். ஆள் வரமாட்டார். மாமிக்கு அன்று மாலையே புரிந்துவிட்டது. படத்தை மறுநாளே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். ஒவ்வொரு பெருநாளும் ஒரு தட்டு எடுத்து மூடி வைப்பார். மாலையில் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். "கழுத்துன்னுல்ல நெனச்சேன்" என்று சில நேரம் தனக்குள் சொல்லிக்கொள்வார்.

கடைக்குச் சரக்கு எடுக்க மெட்ராஸ் போகும்போது நான் மச்சானைப் பார்ப்பேன். ஒரே அறை. டர்பன்டைன் வாடை. சேலை டிசைன்கள் மேஜை மேல், அவருடைய படங்கள் சுவரைப் பார்த்துத் திருப்பி அடுக்கியபடி. ஒருமுறை வரைகிறதைப் பார்த்தேன். கித்தானில் ஈர வர்ணத்தைப் பூசி, கசக்கிய காகிதத்தை அதன் மேல் அழுத்தி, மெல்ல உரித்தார். கறை கறையாக வந்தது. பிறகு பிரஷைத் தொடவே இல்லை. நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"அதுல யாராச்சும் வர்ற வரைக்கும்" என்றார்.

"வரலைன்னா?"

"வேற பக்கம் திருப்பி வைப்பேன். நம்ம ஊரு ராம்நாட் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்ல, அது மாதிரிதான்."

கிளம்பும்போதெல்லாம் கேட்பார், "உம்மா நல்லாருக்காங்களா? நோன்பு வைக்க முடியுதா?" நானும், ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன் மச்சான் என்பேன். "வாரேன், வாரேன்" என்பார்.

எண்பத்தெட்டு வாக்கில் மாமாவுக்கு வாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. கழிவறைக்கும் கிணற்றடிக்கும் பக்கம் என்பதால் உள் அறையைத்தான் காலி செய்தோம். அரிசி மூட்டைகளை எடுத்துவிட்டுக் கட்டிலைத் தட்டிப் போட்டோம். படத்தை எடுக்கக் கை வைத்தேன். "இருக்கட்டும். திரைதான் இருக்குல்ல" என்றார் மாமா. பேச்சு அப்போது குழறும். எனக்கும் மாமிக்கும்தான் புரியும்.

படுத்தபடியே தொழுவார். அதற்குக் கட்டில் மேற்கே பார்த்து இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் காற்றுக்காகக் கிழக்கே திருப்பிப் போடச் சொன்னார், ஜன்னல் அந்தப் பக்கம். ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் படம். முதலில் திரை மூடித்தான் இருந்தது. ஒரு நாள் காற்றில் திரை ஒதுங்கியது. சரிசெய்யப் போனேன். "விடு" என்றார்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாங்கு சொன்னால் நான் கடையிலிருந்து ஓடி வருவேன். மாமியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் கட்டிலைப் பிடித்து மேற்கே திருப்புவோம், திரையை மூடுவோம். தொழுது முடித்ததும் மறுபடி கிழக்கே திருப்பி, திரையைத் திறப்போம். கட்டில் கால் உரசித் தரையில் வட்டமாகத் தழும்பு விழுந்துவிட்டது. அது இன்னும் இருக்கிறது. பாதி நேரம் மாமா ஜன்னலைப் பார்ப்பதே இல்லை. கடையில் கூட்டம், கொஞ்சம் மேற்கே பார்த்தே இருங்க மாமா என்று நான் சொன்னால், "இந்தா ஒரு எட்டு திருப்பிட்டுப் போயிரு மாப்ள" என்பார் பிள்ளை மாதிரி.

என்ன பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவரே சில நேரம் சொல்வார். "அந்தத் தொங்குறது இன்னைக்குச் சந்தோசமா இருக்கு." அல்லது, "சின்னதுங்க வீட்டுக்குத் திரும்புதுக மாப்ள, போகலை. நான் தப்பா நெனச்சிட்டேன்." தெற்குச் சுவரையும் பார்ப்பார். அந்த வருஷம் மாமா உடம்புக்கு ஆகாது என்று உள் அறைக்கு மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருந்தோம். உப்புப் பூத்து உரிந்து கிடந்தது. சுவரைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், மறுபடி சுவரைப் பார்ப்பார். பேச்சு கொஞ்சம் தெளிந்த பிறகு ஒரு நாள் சொன்னார், "அவனை வரச் சொல்லு."

எஸ்.டி.டி. பூத்தில் நின்று போன் போட்டேன். மாமா கூப்பிடுறாங்க என்றதும் மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் வந்துவிட்டார். தலை பாதி நரைத்திருந்தது. மாமி வாசலில் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அடுப்பை ஊதினார்.

உள் அறையில் மாமா கிழக்கே பார்த்துப் படுத்திருந்தார். திரை திறந்திருந்தது. மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நானும் வீட்டுக்காரியும் வாசல்படியில் நின்றோம்.

"இதுல உயிர் இருக்காலே?" என்றார் மாமா.

மச்சான் வாப்பாவின் விழுந்துபோன கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார், "இல்லை வாப்பா. வெறும் பெயிண்டுதான். நீங்க மனசு சங்கடப்படாதீங்க."

அன்றைக்குக் கூடத்தில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. என் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா தலையை ஆட்டினார். "பொய் சொல்லாத. இத்தனை மாசமா நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்த அறையில நீ காய்ச்சல்ல கெடந்த. அந்தச் செவத்துக்கு நான் வெள்ளையடிச்சேன். ரெண்டு நாள் சோறு திங்காம அழுத. இல்லாததுக்கா அழுத?"

மச்சான் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"அங்கன மறுமையில ஒன்னைக் கேட்டா நான் சொல்லுறேன்" என்றார் மாமா. "இவன் உண்டாக்கலை, ரப்பே. ஒன்னோட தண்ணியும் உப்பும் செவத்துல உண்டாக்குச்சு. எம் மகன் அதைப் பாத்தான். மறந்துராம இருக்கணும்னு எழுதி வச்சான். இதைப் படிக்கத் தெரியாம வெள்ளையடிச்சவன் நான்."

இது மார்க்கப்படி சரியான பதிலா என்று எனக்குத் தெரியாது. நான் ஆலிம்சாவிடம் கேட்கவும் இல்லை. ஆனால் மாமாவின் முகத்தில் இருந்த பயம், செருப்பு மாட்டும்போது நான் பார்த்தேனே அந்தப் பயம், அன்றைக்குப் போய்விட்டது. அதை நான் பார்த்தேன்.

மாமி எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் கரண்டி. படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார், "அது கழுத்து இல்லையா வாப்பா?"

மச்சான் எழுந்து படத்துக்கிட்டே போனார். கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "கழுத்தாவும் இருக்கலாம்மா."

"அப்ப நான் அறுத்துட்டேனா?"

"அறுத்திருந்தா இத்தனை வருஷம் அங்கனயே நிக்குமா? விழுந்திருக்காது?" என்றார் மச்சான்.

மாமி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. நிக்கத்தான் செய்யுது" என்றார். பிறகு, "ஆணம் அடிப்பிடிக்குது, எல்லாரும் வாங்க" என்று போய்விட்டார்.

அன்றைக்கு மச்சான் இந்த வீட்டில் சாப்பிட்டார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து வைத்துக்கொண்டே இருந்தார். போதும்மா என்றால் கேட்கவில்லை. மாமாவுக்குக் குழைத்த சோற்றை மச்சானே ஊட்டிவிட்டார்.

ஊருக்குப் போகும் முன்னால் பையிலிருந்து டர்பன்டைன் பாட்டிலை எடுத்து, துணியில் நனைத்துக் கோட்டின் ஓரத்தில் கொஞ்சம் துடைத்துப் பார்த்தார். மை ஊறிப் போயிருந்தது. துடைத்தால் அடியில் இருக்கிறதும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. நிறுத்திவிட்டார். துடைத்த ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகக் கரைந்து நிற்கிறது. இப்போது பார்த்தால் அதுவும் அந்த உருவத்தின் நிழல்களில் ஒன்று போல இருக்கும். பாட்டிலை இங்கேயே வைத்துவிட்டுப் போனார். டர்பன்டைன் வற்றிப்போன அந்தப் பாட்டிலை என் வீட்டுக்காரி இன்னும் எறியவில்லை.

மாமா அடுத்த ரமலானைப் பார்க்கவில்லை. மாமி அதற்குப் பின் நிறைய வருஷம் இருந்தார், கதவுக்குப் பின்னால் போகாமல். இருவருக்கும் அல்லாஹ் நல்ல இடத்தைக் கொடுக்கட்டும். மாமா படுத்திருந்த அறையில் நாங்கள் தொழ ஆரம்பித்தோம். கட்டிலைத் திருப்புகிற வேலை இல்லை, திரை மூடுகிற வேலை மட்டும் மிச்சம்.

மச்சானுக்கு இப்போது வயதாகிவிட்டது. டிசைன் வேலையை எப்போதோ விட்டுவிட்டார். சில படங்களை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள், பத்திரிகையில் ஒருமுறை எழுதினார்களாம், நான் கேட்டபோது பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்துவிடுகிறார். சாப்பிட்டு முடித்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய், தெற்கே பார்த்துப் படுத்துக்கொள்வார்.

நோன்பு நெருங்கினால் வழக்கம்போல வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இந்த வருஷம் புதிதாக ஒரு பெயிண்டர் வந்தார். வீடு முழுக்க முடித்துவிட்டு உள் அறைக்கு வந்தவரிடம், மூன்று சுவர் போதும், தெற்குச் சுவரை விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஏன் பாய், இதுதான் ரொம்ப மோசமா இருக்கு. சொரண்டி ஒரு கோட்டிங் கொடுத்தாப் பளிச்சுன்னு ஆயிரும்."

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

"அதைத் தொடாதீங்க தம்பி. பெருநாளைக்கு எங்க காக்கா வரணும்."